முதுகு காட்டி நின்றவன்

படம் வந்தபோது அம்மாவின் ஒரு கையில் தேநீர்க் குவளை இருந்தது. இடைவேளை முடிய இன்னும் எத்தனை நிமிடம் என்று பார்க்கத்தான் மறு கையால் போனின் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு தெரு வந்தது. நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் போகிறார்கள். ஓரத்தில், ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒருவன் முதுகு காட்டி நிற்கிறான். ஒரு கை பிடரியில் இருக்கிறது. இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது.

அவள் குவளையைக் கீழே வைப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. திரும்ப அழுத்தினாள். ஒரு கூடைப் பழம் வந்தது. மறுபடி அழுத்தினாள், அருவி. இன்னொரு தடவை அழுத்தியபோது கண்ணாடி போட்ட பூனை ஒன்று அவளைப் பார்த்தது.

பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. துவைத்துப் பிழிந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் கொடுக்க வேண்டும். உருளை ஆள் உயரத்துக்கு இருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சுருக்கமில்லாமல் நீட்டி, வாயில் வைத்தால் அது இழுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் காய்ந்து, மடிப்புக்குத் தயாராக விழும். மறுமுனையைப் பிடிப்பவள் நெட்டை. அவள் உயரத்துக்கு வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு இடைவேளை முடிந்து வந்த அம்மா, மூன்று விரிப்புகளைக் கோணலாகக் கொடுத்தாள் என்று பிற்பாடு நெட்டைதான் சொன்னாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அம்மா, பெரியவனைப் பார்த்தேன் என்றாளாம்.

பெரியவன் அவளுடைய மகன். வீட்டைவிட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது.

அவன் போன கதை சின்னதுதான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். மகனையும் பதினெட்டு வயதிலேயே கூட அழைத்துப் போகத் தொடங்கியிருந்தார். கருவிப் பையை எப்போதும் இடது தோளில் மாட்டிமாட்டி அவனுக்கு அந்தத் தோள் இறங்கிவிட்டது. ஒரு நாள் ஏழு மாடிக் கட்டடத்தில் அப்பா லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மின்விசைப் பெட்டியில் 'ஆள் உள்ளே' என்ற பலகையை மாட்ட வேண்டியது மகனின் வேலை. மாட்டாமல் தேநீர் வாங்கப் போய்விட்டான். காவலாளி வந்தார், விசை அணைந்திருப்பதைப் பார்த்தார், போட்டார். அப்பாவின் வலது பாதம் பாதியாகிவிட்டது.

மருத்துவமனைக் கட்டிலில் அப்பா சொன்னது ஒரே வாக்கியம். "இனிமே என் முகத்துல முழிக்காதே."

வலியில் வந்த வார்த்தை. எந்த அப்பாவும் எந்த மகனுக்கும் சொல்லக்கூடியதுதான். ஆனால் பெரியவன் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டான். வார்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிடரியைத் தடவினான். போய்விட்டான். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அம்மாவுக்கு இரண்டு தடவை பேசினான். சாப்பிட்டாயா என்று அவள் கேட்டதற்கு ஆமாம் என்றான். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லத் தொடங்கியது. தேட வேண்டிய இடத்திலெல்லாம் தேடினார்கள். அப்பா கோலூன்றி நடக்கப் பழகியதும் தானே இரண்டு துறைமுகங்களுக்குப் போய்விட்டு வந்தார். வந்த அன்று செருப்பைக் கழற்றிவிட்டு, சோறு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அந்தப் போன், பெரியவனின் தங்கை சின்னவள் வாங்கிக் கொடுத்தது. அவள் பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கிறாள். பழைய சுவரிலிருந்து சுரண்டி எடுத்த ஒரு துண்டைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார்கள். அவள் பார்த்துவிட்டு எந்தக் கலவையில் எத்தனை துளி என்று சொல்லுவாள், பெரும்பாலும் சரியாக இருக்கும். அம்மாவின் பழைய போன் பேட்டரி உப்பி முதுகு பிளந்துகொண்டதால் புதிதாக இதை வாங்கினாள். வாங்கும்போதே அதற்குள் ஊர்ப்பட்ட கூட்டம் குடியேறியிருந்தது. மிட்டாய் உடைக்கும் விளையாட்டு, ஜோசியம், பங்குச்சந்தை, இரண்டு கடைகள், செய்திக்கு மூன்று. யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. பந்தியில் மட்டும் முதலில் உட்கார்ந்திருந்தன. இவற்றோடு நீலச் சதுரமாக 'ஜன்னல்' என்று ஒன்று. அதுதான், போன் பூட்டியிருக்கும்போது பொத்தானை அழுத்த அழுத்த, உலகத்தின் எங்கெங்கோ எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியது.

அம்மா அன்று சாயங்காலம் வந்து சொன்னதும், மறுபடி வந்தால் பிடித்துக்கொள்ள வசதியாக, வலது ஓரத்து இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தித் திரையைப் படம் எடுப்பது எப்படி என்று சின்னவள்தான் கற்றுக் கொடுத்தாள். நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அம்மாவின் கட்டைவிரல் ஓயவில்லை. காலையில் சோறு வடிக்கும்போது ஒரு கையில் மூடி, ஒரு கையில் போன். பேருந்தில் அழுத்தினாள். தேநீர் ஆறிப்போனது. மலை, கேக், பலூன், குதிரை, பனி, கடற்கரை. கடற்கரை என்றால் கொஞ்சம் நிதானிப்பாள். அங்கே முதுகுகள் அதிகம். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு படம் இருக்கும். போன் மதியத்துக்குள் செத்துவிடும் என்பதால் உடுப்பு மாற்றும் அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, சுவரோடு நின்று அழுத்திக்கொண்டிருப்பாள். பொத்தான் தளர்ந்து ஆட ஆரம்பித்தது.

வீட்டிலும் பேச்சு சுருங்கிப் போயிற்று. அப்பா இப்போது பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களை மாடிக்கு மாடி கொண்டுபோய் விடுகிற வேலையில் இருந்தார். முதல் வாரம் அவர், அந்தக் கண்ணாடி போட்ட பூனையைப் பெற்றவளும் எங்கேயோ இப்படித்தான் அழுத்திக்கொண்டிருப்பாள் என்று கேலி செய்தார். இரண்டாம் வாரம் கேலி நின்றது. மூன்றாம் வாரம், வேலை முடிந்து வந்து, கோலைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, அவர் கேட்கிற முதல் கேள்வியே அதுவாகிவிட்டது. வந்ததா என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார். அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அவள் இல்லையென்று தலையை ஆட்டுவாள். பிறகு மூன்று பேரும் சாப்பிடுவார்கள்.

சின்னவளுக்கு அந்த வீட்டில் நான்காவதாக ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது. ஆறு வருடமாக அண்ணன் இல்லாமல் இருந்தான். இல்லாமல் இருக்கிறவனோடு எப்படியோ காலம் தள்ளிப் பழகியிருந்தார்கள். இப்போது அவன் எந்த நிமிடமும் வரலாம். கூடத்தில் ஈரச்சட்டை வாடை அடிப்பதாக அம்மா ஒரு நாள் சொன்னாள். கொடியில் எதுவும் காயவில்லை.

நாலாவது வாரம் உருளை அம்மாவின் கையைப் பிடித்தது. இடுப்பில் செருகியிருந்த போன் தானாக ஒளிர்ந்திருக்கிறது, குனிந்து பார்த்திருக்கிறாள். விரிப்போடு சட்டைக்கையும் உள்ளே போயிற்று. நெட்டை பாய்ந்து நிறுத்தக் கம்பியை இழுத்திராவிட்டால் முழங்கை வரை போயிருக்கும். மூன்று விரல்கள் வெந்து கொப்புளித்தன. அதே மருத்துவமனையில், தான் தேய்த்த விரிப்பின்மேலேயே உட்காரவைத்து அவளுக்குக் கட்டுப் போட்டார்கள். மேற்பார்வையாளர் பதினைந்து நாள் வராதே என்று அனுப்பினார்.

சின்னவள் கடையிலிருந்து ஓடிவந்தபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை பஞ்சு உருண்டையாக மடியில் கிடந்தது. இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அத எடுத்துடலாம்" என்றாள் சின்னவள்.

"எத?"

"அந்த ஜன்னல. இதோட வந்த குப்பை எல்லாத்தையும்."

அம்மா நிமிரவில்லை. "இவ்ளோ பெரிய உலகத்துலருந்து இந்தக் கைக்கு அது ஒண்ணுதாண்டி வருது. வேற எது எனக்கு அவனக் காட்டப்போகுது?"

"முதுகும்மா. யாரோட முதுகோ."

"பெத்தவளுக்கு முதுகே முகம்தான்."

சின்னவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கியிருக்கலாம் என்று தோன்றியது, ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

முடித்துவைத்தது அப்பாதான். வந்தார், கட்டைப் பார்த்தார், எப்படி ஆனது என்று கேட்டுக்கொண்டார். நெடுநேரம் பாதி பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவைப் பார்க்காமல் பேசினார்.

"எடுக்கச் சொல்லு. தினம் சாயங்காலம் வந்து, வரலன்னு உன் தல ஆடறத என்னால பாக்க முடியல. அன்னிக்கு நான் சொன்ன வார்த்தைய நீ தினம் ஒரு தடவ திருப்பிச் சொல்ற மாதிரி இருக்கு."

ஆறு வருடத்தில் அவர் அதைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான். மறுநாள் காலை சின்னவள் செருப்பு மாட்டும்போது அம்மா போனை நீட்டினாள்.

"எடுக்கிற வரைக்கும் அழுத்திக்கிட்டே இரு. வந்துச்சுன்னா எனக்குச் சொல்லணும்."

"சொல்றேன்."

"மறைக்கக் கூடாது."

"இல்லம்மா."

செல்போன் பழுது பார்க்கும் அக்கா ஒருத்தியின் கடை ஒரு வணிகக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் அவள் எப்போதும் உட்கார்ந்தே இருப்பாள். நெற்றியில் சின்ன விளக்கு, கண்ணில் பூதக்கண்ணாடி, மேசையில் குண்டூசித் தலை அளவில் திருகாணிகள். அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டதால் வேறு யாரும் வரவில்லை. படிகளில் ஏறி இறங்குபவர்களின் ஈரச் செருப்புச் சத்தம் மட்டும் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது.

சின்னவள் என்ன வேண்டுமென்று சொன்னாள், காரணத்தைச் சொல்லவில்லை. அக்கா நீலச் சதுரத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் காட்டினாள். மற்றவற்றுக்கு 'நீக்கு' என்று வந்த இடத்தில் இதற்கு 'நிறுத்து' என்றுதான் வந்தது.

"இது கம்பெனிக்காரனே உள்ள வச்சுக் கட்டினது தங்கச்சி. நிறுத்துனா தூங்கும். அடுத்த தடவ போன் தன்னைப் புதுப்பிச்சுக்கும்போது எழுந்து உக்காந்துக்கும். கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டு எடுத்தாத்தான் போகும். அப்பக்கூட போன முழுசா அழிச்சா மறுபடி வந்து நிக்கும், சொல்லிட்டேன்."

"எடுத்துடுங்க அக்கா."

அக்கா கேபிளைச் செருகினாள். கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாக அடித்தாள். மிட்டாய் போயிற்று, ஜோசியம் போயிற்று, பங்குச்சந்தை போயிற்று. ஒவ்வொன்றுக்கும் கீழே 'முடிந்தது' என்ற அர்த்தத்தில் ஒரு சொல் வந்தது. ஜோசியத்துக்குத் தன் கதி முன்கூட்டியே தெரிந்திருக்குமா என்று அக்கா கேட்டாள். சின்னவள் சிரித்து வைத்தாள்.

ஜன்னலின் முறை வந்தபோது, ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லி, கேபிளோடு போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாக்குக் கொடுத்திருந்தாளே. அக்கா வேறொரு போனைப் பிரித்து ஈயப் பற்றவைப்பில் இறங்கினாள்.

சின்னவள் அழுத்தினாள். மலை. பாலம். ஒரு தட்டு ரொட்டி. இருபது வரை எண்ணிவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இருபது முடிந்தது, நாற்பது என்றாள். கிளி. பனிவீடு. ரயில். முப்பத்தேழோ முப்பத்தெட்டோ, அவளுக்கு இப்போதும் சரியாக நினைவில்லை. மழைத் தெரு வந்தது.

குடைகள். தகரக் கூரை. பிடரியில் கை.

அவளுடைய விரல்கள் அவளைக் கேட்காமலே இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தின. படம் எடுத்த சத்தம் வந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அம்மா சொல்லாத பலதும் அதில் இருந்தது. அவன் காலருகே ஒரு மஞ்சள் வாளி. சட்டை நீலம் என்று அம்மா சொல்லியிருந்தாள், ஆனால் அது நீலமில்லை, நனைந்த சாம்பல் பச்சை. அவனுக்கு எதிரே கடையின் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் அவன் முகம் விழுந்திருந்தது.

சின்னவள் இரண்டு விரலால் விரித்தாள். முகம் பெரிதாயிற்று. இன்னும் விரித்தாள். முகம் கலைந்து கட்டங்களாயிற்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் அவளால் நிறம் சொல்ல முடிந்தது. இது களிமண், இது ஈயம், இதில் கறுப்பு இரண்டு துளி, இதில் காவி ஒரு துளி. முகம் யாருடையது என்று மட்டும் சொல்ல முடியவில்லை. சுருக்கினால் அண்ணன் மாதிரி இருந்தது. விரித்தால் யாருமில்லை. படத்தின் அடியில் ஒரே ஒரு வரி இருந்தது: மழையும் ஓர் அழகு. எந்த ஊர், யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எதுவும் இல்லை. 'மேலும்' என்ற இடத்தைத் தொட்டால் குடை விற்கிற கடை திறந்தது.

படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். அம்மாவின் போனில் அதை அழித்தாள். பிறகு போனை அக்காவிடம் கொடுத்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு அக்கா. எடுத்துடுங்க."

அக்கா ஒரு வரி அடித்தாள். முடிந்தது என்று வந்தது. பொத்தானை அழுத்திக் காட்டினாள். கறுப்புத் திரையில் மணி மட்டும் தெரிந்தது, மூன்று பத்து.

சின்னவள் வீட்டுக்குப் போகவில்லை. நனைந்துகொண்டே அப்பாவின் கட்டடத்துக்குப் போனாள். லிஃப்ட் கதவு திறந்ததும் அவர் அவளைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று உள்ளே ஏறினாள். கதவு மூடியதும் தன் போனை அவர் முன்னால் நீட்டினாள். அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டார்.

எந்த மாடிக்கும் அவர் பொத்தானை அழுத்தவில்லை. லிஃப்ட் நின்ற இடத்திலேயே நின்றது. நாலாவது மாடியில் யாரோ மணி அடித்தார்கள். மறுபடி அடித்தார்கள். அவர் படத்தை விரிக்கவோ சுருக்கவோ இல்லை, வந்தபடியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை தானாக உயர்ந்து தன் பிடரிக்குப் போனதைச் சின்னவள் பார்த்தாள். அந்தப் பழக்கம் அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது என்று அதுவரை அவள் யோசித்ததில்லை.

"இவன் இல்ல" என்றார்.

"நல்லா பாருங்கப்பா."

"கையில வாட்ச் கட்டியிருக்கான் பாரு. நம்ம பையன் கட்டமாட்டான். லிஃப்ட் வேலைக்குப் போறவன் கையில எதுவும் இருக்கக் கூடாதுன்னு மொத நாளே சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவன் இன்னும் லிஃப்ட் வேலைதான் செய்கிறானா என்று கேட்க வந்த சின்னவள் வேறொன்றைக் கேட்டாள்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "வரலன்னு சொல்லு. இத அழிச்சுடு." பிறகு நாலாவது மாடிக்குப் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் ஏறியது. ஏறும் வரை இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டில் அம்மா எதிரே வந்து போனை வாங்கிக்கொண்டாள். எத்தனை தடவை அழுத்தினாய் என்று கேட்டாள். நிறைய என்றாள் சின்னவள்.

"வந்துச்சா?"

"இல்லம்மா."

அம்மா அவளுடைய முகத்தை ஒரு கணம் பார்த்தாள். ஈரத்தலையைத் துவட்டிக்கொள் என்றாள்.

நாலைந்து நாளைக்கு அவளுடைய கட்டைவிரல் பழக்கதோஷத்தில் அழுத்தியது. மணி மட்டும் வந்தது. பிறகு மணி பார்க்க மட்டும் அழுத்தினாள். கட்டு அவிழ்த்த பிறகு வேலைக்குத் திரும்பினாள். இப்போதுதான் விரிப்பு நேராகப் போகிறது என்று நெட்டை சொன்னாளாம். சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. தெருவில் மட்டும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. முன்னால் யாராவது ஆள் போனால் நடையை எட்டிப் போட்டு, தாண்டிப் போய், ஏதோ மறந்துவிட்டவள்போலத் திரும்பிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு வழக்கமான நடைக்கு வந்துவிடுகிறாள். சின்னவள் கூடப் போகும்போது, அதைக் கவனிக்காதவள் மாதிரி கொஞ்சம் பின்தங்கி நடக்கிறாள்.

சின்னவள் படத்தை அழிக்கவில்லை. கடையில் கலவை இயந்திரம் டப்பாவைக் குலுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் எடுத்துப் பார்ப்பாள். சுருக்குவாள், விரிப்பாள். ஒரு நாள் அந்தச் சாம்பல் பச்சையை அப்படியே கலந்துகூடப் பார்த்தாள். சரியாக வந்தது. அந்த டப்பாவை என்ன செய்வதென்று தெரியாமல், தவறிக் கலந்துவிட்டதாகச் சொல்லி ஓரமாக வைத்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மாவுக்கு வேலை நாள். அப்பா பின்கட்டில் உட்கார்ந்து செருப்பின் வலது பாதத்துக்குள் பஞ்சு அடைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில், கொடியில் துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது. சின்னவள் எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத அழிச்சுட்டியா?" என்றார் அப்பா.

"எத?"

அவர் ஊசியில் நூல் கோத்தார். மூன்றாவது முயற்சியில்தான் நுழைந்தது.

"அழிச்சுட்டேம்பா."

"நல்லது."

அவர் நாலு தையல் போட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். செருப்பைக் காலில் மாட்டி, எழுந்து நின்று பார்த்து, மறுபடி உட்கார்ந்தார். பிறகு, மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பிய மகளைப் பார்க்காமல் கேட்டார்:

"அங்க மழை விட்டிருக்குமா?"